ரயில்வே கேட்டில் ஒரு காதல்! ஜெர்மன் டைரக்டர் எடுத்த 'அச்சுத் கன்யா'

கடம்பூர் பக்கம் போயிருக்கிறீர்களா?

கோவில்பட்டியில் இருந்து தெற்கே ரயிலில் போனால் கடம்பூர் வரும். இரு பக்கமும் கரிசல் காடு. மழை பெய்தால் காலைக் கவ்விக்கொள்ளும் மண். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண். பருத்தியும், உளுந்தும், கம்பும், சோளமும் விளையும் பூமி. இந்த ஊர்ப் போளிக்கு ரயில் பயணிகளிடம் தனிப் பெயர் உண்டு.

இந்தச் சீமையில் ரயில்வே கேட் என்பது எல்லோருக்கும் தெரிந்த இடம். கேட் மூடினால் மாட்டு வண்டி நிற்கும். பக்கத்தில் காரும் நிற்கும். கூலிக்குப் போகிறவரும் நிற்பார். பண்ணையாரும் நிற்பார். யார் பெரியவர், யார் சின்னவர் என்பது கேட்டுக்காரருக்குத் தேவை இல்லை. ரயில் போயாகிவிட்டதா? அது ஒன்றுதான் அவர் கவலை.

நம் நாட்டில் எல்லாச் சாதியாரும் சரிசமமாகக் காத்து நின்ற இடம் ஒன்று உண்டு என்றால், அது ரயில்வே கேட்தான்!

அப்படிப்பட்ட ஒரு கேட்டின் ஓரத்தில், கேட்டுக்காரர் வீட்டில், ஒரு பெண் இருந்தாள். அவள் பெயர் கஸ்தூரி. அவளுடைய கதையை 1936-ம் ஆண்டில் ஒரு படமாக எடுத்தார்கள். படத்தின் பெயர் 'அச்சுத் கன்யா'. 'தீண்டத்தகாத பெண்' என்று பொருள்.

இந்திப் படம்தான். ஆனால், அதை எடுத்தவர் இந்திக்காரர் அல்ல. இந்தியரே அல்ல. அவர் ஒரு ஜெர்மானியர்! பெயர், பிரான்ஸ் ஆஸ்டன்.

படம் வந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எதற்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

காரணம் இருக்கிறது. முதலில் கதையைக் கேளுங்கள்.

கஸ்தூரியும் பிரதாப்பும்

துக்கியா என்பவர் ரயில்வே கேட்டுக்காரர். தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஒரு நாள், அந்த ஊர்க் கடைக்காரர் மோகன்லாலைப் பாம்பு கடித்துவிடுகிறது. மோகன்லால் பிராமணர். துக்கியா தயங்கவில்லை. கடிவாயில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புகிறார். மோகன்லால் பிழைக்கிறார்.

(இது சினிமாவில்! பாம்பு கடித்தால் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றுதான் இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.)

அன்று முதல் இருவரும் நண்பர்கள். துக்கியாவின் மகள் கஸ்தூரியும், மோகன்லாலின் மகன் பிரதாப்பும் ஒன்றாக விளையாடி வளருகிறார்கள். வளர்ந்த பிறகு, விளையாட்டு காதல் ஆகிறது.

கல்யாணம் நடக்குமா? நடக்காது. இது இரண்டு தகப்பன்மாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

துக்கியா நோயில் விழுகிறார். மோகன்லால் அவரைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஊர் கொதிக்கிறது. கும்பல் திரண்டு வருகிறது. மோகன்லாலை அடிக்கிறார்கள், அவர் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள்.

அடிபட்டுக் கிடக்கும் நண்பருக்கு டாக்டர் வேண்டும். துக்கியா என்ன செய்கிறார்? எழுந்து தண்டவாளத்துக்கு ஓடுகிறார். வேகமாக வரும் ரயிலைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துகிறார்! 

உயிரைக் காப்பாற்ற ரயிலை நிறுத்தினார். அதற்காக அவருடைய வேலை போய்விட்டது!

கேட்டுக்குப் புதிய ஆளாக மன்னு என்பவன் வருகிறான். கஸ்தூரியின் சாதிதான். அவனுக்கும் கஸ்தூரிக்கும் கல்யாணம் நடக்கிறது. பிரதாப்புக்கும் அவன் சாதியிலேயே மீரா என்ற பெண்ணைக் கட்டி வைக்கிறார்கள். எல்லாம் சாதி முறைப்படி!

மன்னுவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. பெயர் கஜ்ரி. அவள் திரும்பி வருகிறாள். கஜ்ரியும் மீராவும் சேர்ந்து சூழ்ச்சி செய்கிறார்கள். கஸ்தூரியைத் திருவிழாவுக்கு அழைத்துப் போய், தனியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே கடை போட்டிருந்த பிரதாப், அவளைத் தன் மாட்டு வண்டியில் ஏற்றி வருகிறான். சந்தேகத்தால் வெறி பிடித்த மன்னு, ரயில்வே கேட்டில் வண்டியை மறிக்கிறான். இரண்டு ஆண்களும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள், தண்டவாளத்தின் மேலேயே!

ரயில் வருகிறது.

கஸ்தூரி ரயிலை நோக்கி ஓடுகிறாள். அன்று தகப்பன் செய்ததை இன்று மகள் செய்கிறாள். நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறாள். தகப்பனுக்கு நின்ற ரயில், மகளுக்கு நிற்கவில்லை.

அவள் இறந்த இடத்தில் அவளுக்கு ஒரு நினைவிடம் எழும்புகிறது. படம் தொடங்குவதே அங்கேதான். இரவில் ஒரு கார் வந்து கேட்டில் நிற்கிறது. 'இந்த நினைவிடம் யாருக்கு?' என்பதற்குப் பதிலாகக் கதை விரிகிறது.

தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்கு இந்தப் பாணியை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு இப்படித்தானே நடக்கிறது? முன்னால் பீடம் இருக்கிறது. 'இந்தச் சாமி யார், எப்படிச் செத்தார்?' என்று விடிய விடியப் பாடுகிறார்கள். மியூனிச் நகரத்துக்காரர் எடுத்த படம், நம் ஊர் வில்லுப்பாட்டு மாதிரியே தொடங்கி, வில்லுப்பாட்டு மாதிரியே முடிகிறது!

யார் இந்த ஆஸ்டன்?

மதுரையில் இருந்து தூத்துக்குடிக்குக் கரிசல் காட்டைக் கிழித்துக்கொண்டு ரயில் ஓடத் தொடங்கியது 1876-ம் ஆண்டில். அதே 1876-ல், ஜெர்மனியில் உள்ள மியூனிச் நகரில் ஆஸ்டன் பிறந்தார். சொந்தப் பெயர் பிரான்ஸ் ஆஸ்டர்மேயர். தகப்பனார் போட்டோ பிடிப்பவர். மகனும் அந்தத் தொழிலைத்தான் கற்றார்.

1907-ல் தம்பி பீட்டருடன் சேர்ந்து ஒரு நாடோடி சினிமாக் கம்பெனி தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவது! நம் டூரிங் சினிமா மாதிரிதான்.

நம் ஊரிலும் அதே காலத்தில் ஒருவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்! 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படக் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டவர் அவர். பின்னால் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்ற கொட்டகையையும் கட்டினார். சினிமாவுக்கும் ரயிலுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் போலிருக்கிறது!

ஆஸ்டனை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ஹிமான்சு ராய். 1925-ல் இருவரும் சேர்ந்து, புத்தர் கதையை ஊமைப் படமாக எடுத்தார்கள். அதன் பெயர் 'பிரேம் சன்யாஸ்'. பிறகு 1928-ல் 'ஷிராஸ்'. 1929-ல் 'பிரபஞ்ச பாஷ்'. மூன்றும் ஐரோப்பாவிலும் ஓடின.

பிறகு பேசும் படம் வந்தது. ஜெர்மனியில் பேசும் படக் கலை வேகமாக வளர்ந்தது. 1931-ல் பிரிட்ஸ் லாங் என்ற டைரக்டர் 'எம்' என்று ஒரு படம் எடுத்தார். குழந்தைகளைக் கொல்லும் ஒரு பாவியைப் பற்றிய கதை. அவனை அடையாளம் காட்டுபவர் யார் தெரியுமா? பலூன் விற்கும் கண் தெரியாத கிழவர்! அவன் வழக்கமாகச் சீட்டி அடிக்கும் மெட்டு அவர் காதில் விழுகிறது. அதை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறார். படத்தில் ஒலி என்பது பாட்டும் வசனமும் மட்டும் அல்ல, கதையே ஒலியில் நடக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய படம் அது.

அதே 1931-ல்தான் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. நம் ஊரில் பேசும் படம் என்றால் அன்று பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு!

1934-ல் ஹிமான்சு ராயும் அவர் மனைவி தேவிகா ராணியும் பம்பாயில் மலாட் என்ற இடத்தில் 'பம்பாய் டாக்கீஸ்' ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். தேவிகா ராணி பெர்லினில் பெரிய ஸ்டூடியோவில் பயிற்சி பெற்றவர். ஜெர்மனியில் இருந்து ஆஸ்டன் வந்தார். காமிராவுக்கு ஜோசப் விர்ஷிங் வந்தார். செட் அமைக்க கார்ல் வான் ஸ்பிரெட்டி வந்தார். அந்தக் கூட்டம் எடுத்த படம்தான் 'அச்சுத் கன்யா'.

கதை எழுதியவர் நிரஞ்சன் பால். இந்தப் பெயரில் தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு. இவர் விபின் சந்திர பாலின் மகன்! விபின் சந்திர பால் 1908-ல் சிறையில் இருந்து விடுதலை ஆனதைக் கொண்டாடப் போய்த்தான், கடம்பூருக்குப் பக்கத்துச் சீமையான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சி. கைது ஆனார். தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொந்தளித்தன. தகப்பனுக்காக நம் ஊர் கொதித்தது. மகன் எழுதிய கதையை நம் ஊர் மறந்துவிட்டது!

பாஷை தெரியாமல் எப்படி எடுத்தார்?

ஆஸ்டனுக்கு இந்தி தெரியாது.

இது நமக்குப் புதிது அல்ல. அமெரிக்காவில் இருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அவர்தான் அதே 1936-ல் 'சதி லீலாவதி'யை டைரக்ட் செய்தார். எம். ஜி. ஆர். நடித்த முதல் படம் அது. 1945-ல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வையும் டங்கன்தான் எடுத்தார்.

பாஷை தெரியாத டைரக்டர் எதைப் பார்ப்பார்? முகத்தைப் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பார். கை எங்கே போகிறது, கால் எங்கே தயங்குகிறது என்று பார்ப்பார். ஆஸ்டன் ஊமைப் படத்தில் பழகியவர் வேறு. வசனம் இல்லாமலே கதை சொல்லத் தெரிந்தவர்.

அதுதான் இந்தப் படத்தின் அழகு. அக்காலத்துப் படங்கள் பலவற்றில் நடிகர்கள் நாடக மேடையில் நிற்பதுபோல நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழங்குவார்கள். இந்தப் படத்தில் பேச்சு, வீட்டுப் பேச்சாக இருக்கிறது. தேவிகா ராணி பேசாமல் இருக்கும் இடங்களில்தான் அதிகம் பேசுகிறார்! காமிரா அவர் முகத்தருகே போய் நிற்கிறது. அவசரப்படாமல் காத்திருக்கிறது.

விர்ஷிங்கின் காமிராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜெர்மன் காமிராக்காரர்கள் நிழலை வைத்து வேலை செய்வதில் கெட்டிக்காரர்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு. முகத்தின் பாதி தெரியும், பாதி தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அதற்கு ஒரு தனி ஆழம் உண்டு. ஆனால், படம் முழுவதும் இருட்டாக்கிப் பயமுறுத்தவில்லை. இளமைக் காலக் காட்சிகளில் வெளிச்சம் தாராளமாகக் கொட்டுகிறது. துன்பம் வர வர, நிழல் நீளுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரயில்! படத்தில் அது சும்மா வந்துபோகும் வண்டி அல்ல. துக்கியாவுக்குச் சோறு போட்டது ரயில். வேலையைப் பறித்தது ரயில். மகளின் உயிரை எடுத்ததும் ரயில். ரயில் வந்த புதிதில், சாதி எல்லாம் இனி ஒழிந்துவிடும் என்று படித்தவர்கள் நம்பினார்கள். ஒரே பெட்டியில் எல்லோரும் உட்கார வேண்டுமே! ரயில் வந்தது. மோட்டார் வந்தது. சினிமாவும் வந்தது. சாதியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டது.

பிரதாப்பாக நடித்தவர் அசோக் குமார். முதலில் அந்த ஸ்டூடியோவின் லேபரட்டரியில் வேலை பார்த்தவர். நடிக்க வரும் எண்ணமே அவருக்கு இல்லை. 'தாடை பெரிது, இவர் நடிகராக முடியாது' என்பது ஆஸ்டனின் அபிப்பிராயம்! அந்தத் தாடையோடுதான் அசோக் குமார் பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் நடித்தார். 1988-ல் தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றார். பெரிய டைரக்டர்களின் கணக்கும் தப்பும்!

பாட்டுகளை அசோக் குமாரும் தேவிகா ராணியுமே பாடினார்கள். வேறு ஒருவர் குரல் கொடுத்து, நடிகர் வாயை அசைக்கும் வழக்கம் அன்று பரவவில்லை. காட்டுப் பறவையாகப் பறக்க ஆசைப்பட்டுக் காதலர் இருவரும் பாடும் பாட்டு வடநாடு முழுவதும் பரவியது. சங்கீத வித்வான்கள் அல்ல இருவரும். ஆனாலும், கேட்கச் சுகமாக இருக்கிறது. இசை அமைத்தவர் ஒரு பெண், சரஸ்வதி தேவி! அவர் பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். எங்கள் பெண் சினிமாவில் சேரக் கூடாது என்று அவர்கள் வகுப்பார் கிளர்ச்சி செய்தார்கள். அதனால்தான் சொந்தப் பெயரை மறைத்து, சரஸ்வதி தேவி ஆனார். சாதியை எதிர்க்கும் படத்துக்கு இசை அமைத்தவருக்கே, வகுப்பாரின் தொல்லை!

1936 என்ற ஆண்டு

படம் வந்த ஆண்டைக் கவனியுங்கள்.

1934-ல் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போயிருந்தார். 1936 நவம்பர் 12-ந் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா கோயில் கதவுகளை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். அதே 1936-ல்தான் டாக்டர் அம்பேத்கர், சாதியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற தம் சொற்பொழிவைப் புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். அழைத்தவர்களே பயந்துபோய்க் கூட்டத்தை ரத்து செய்துவிட்டதால், பேச முடியாமல் போன சொற்பொழிவு அது.

அந்தச் சூட்டில் வந்த படம் இது. ஜவாஹர்லால் நேருவும், சரோஜினி நாயுடுவும் பார்த்தார்கள். ஜனங்களும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள்.

ஆனால், அதே 1936-ல் இன்னொன்றும் நடந்தது. சொல்லாமல் விடக் கூடாது.

ஆஸ்டன் அந்த ஆண்டில்தான் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினர் ஆனார்!

அதற்கு முந்திய ஆண்டு, 1935-ல், நாஜிகள் நியூரம்பர்க் நகரில் ஒரு சட்டம் போட்டார்கள். யூதரும் ஜெர்மானியரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, மீறினால் சிறை என்பது சட்டம். பிறப்பைப் பார்த்துக் கல்யாணத்தைத் தடுக்கும் சட்டம்!

ஒரு கையில் அந்தக் கட்சியின் சீட்டு. மறு கையில், பிறப்பைக் காட்டிப் பிரிக்கப்பட்ட கஸ்தூரி, பிரதாப் கதை. ஒரே மனிதர். ஒரே ஆண்டு.

அதே பம்பாயில் அன்று, ஹிட்லர் ஆட்சிக்குப் பயந்து ஐரோப்பாவை விட்டு வந்த யூதர்களும் இருந்தார்கள். அகில இந்திய வானொலியின் தொடக்க இசையை அமைத்த வால்டர் காப்மன் அப்படி வந்தவர்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தைப் பார்ப்பதா, வேண்டாமா?

பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. படம் ஒருவர் சொத்து அல்ல. கதை நிரஞ்சன் பாலுடையது. நடிப்பு தேவிகா ராணியுடையது. ஒளியும் நிழலும் விர்ஷிங்குடையவை. அதற்காக ஆஸ்டனின் கட்சிச் சீட்டை மூடி மறைத்து, அவருக்கு மாலை போட வேண்டியதும் இல்லை. அடுத்த ஊர்ச் சாதியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர், தன் ஊர்ச் சாதியைப் பார்த்துச் சும்மா இருப்பார். இது ஜெர்மனிக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அமெரிக்காவில் கறுப்பர் படும் பாட்டைப் படித்துவிட்டு உருகுகிற நம்மவர்கள் எத்தனை பேர், தங்கள் தெரு டீக்கடையில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள்?

1939-ல் உலகப் போர் மூண்டது. இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்களை வெள்ளைக்கார சர்க்கார் பிடித்து அடைத்தது. ஆஸ்டனும் கைதானார். 60 வயதைத் தாண்டியவர் என்பதால் விட்டுவிட்டார்கள். 1940-ல் ஜெர்மனி திரும்பினார். 1956-ல் காலமானார். விர்ஷிங்கோ, முகாமில் போர் முடியும் வரை இருந்துவிட்டு, இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 1949-ல் வந்த 'மஹல்' படத்துக்கு அவர்தான் காமிரா. 'பாகீஜா'வுக்கும் அவரே. அந்தப் படம் 1972-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1967-லேயே இந்த மண்ணில் காலமாகிவிட்டார்.

கஸ்தூரி ஏன் சாக வேண்டும்?

இப்போது படத்தின் மேல் எங்களுக்கு உள்ள மனக்குறைக்கு வருகிறோம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில், கஸ்தூரிக்கும் பிரதாப்புக்கும் கல்யாணம் செய்து வைக்க ஒருவருக்கும் துணிவு இல்லை. மோகன்லால் நல்லவர். வீடு எரிந்தாலும் நண்பரைக் கைவிடாதவர். அவரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணை ரயிலில் விழ வைத்து, நினைவிடம் கட்டிவிடுகிறார்கள். படம் பார்ப்பவர் அழுதுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்!

இதைவிடத் துணிந்த கதை நம் கைவசம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதை!

முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்கள் மேல் ஆசை கொள்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்தவர்கள். பெண் கேட்டுப் போகிறான். தகப்பனார் உடனே தலையை ஆட்டிவிடவில்லை. குடுமியை எடு, பூணூலை அறு, எங்களைப்போலச் செருப்புத் தை, பிறகு பெண் கேள் என்கிறார். பட்டன் குடுமியை எடுக்கிறான். பூணூலை அறுக்கிறான். செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். கல்யாணம் நடக்கிறது!

மாடுகளைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டு அவன் சாகிறான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவர்களுக்கு வழிபாடு உண்டு. பட்டவராயன் சாமிக்குப் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

1936-ல் பம்பாய்க்காரர்கள் பயந்த கல்யாணத்தை, பல தலைமுறைக்கு முன்பே நம் வில்லுப்பாட்டுக்காரர் நடத்திவிட்டார்!

ஆனால், பெருமைப்பட்டு முடிப்பதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தக் கதையைச் சேகரித்துப் பதிப்பித்த அறிஞர் நா. வானமாமலை ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் கதையை மாற்றிவிட்டார்கள்! அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை எடுத்து வளர்த்தார்கள் என்று ஒட்டுப் போட்டுவிட்டார்கள். வாழ்க்கையில்தான் பொறுக்கவில்லை என்றால், பாட்டில்கூடப் பொறுக்கவில்லை.

தமிழ்ப் படங்கள் மட்டும் என்ன? கே. சுப்பிரமணியம் 1937-ல் 'பாலயோகினி' எடுத்தார். துணிச்சலான படம். அதற்காக அவருடைய சொந்தச் சாதியாரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். பிறகு வந்தவற்றில் எத்தனையோ படங்களில், ஏழைப் பெண் என்று நாம் நினைத்தவள் கடைசி ரீலில் பணக்காரர் வீட்டில் தொலைந்துபோன குழந்தை ஆகிவிடுவாள். உடம்பில் மச்சம், கழுத்தில் சங்கிலி! முத்துப்பட்டன் கதைக்குப் போட்ட அதே ஒட்டுதான்.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், தீண்டாமையை ஒழித்தது. 17-வது பிரிவு அது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனாலும், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளைப் பெற்றவர்களும் உறவினர்களுமே கொன்ற செய்திகளை, இந்தப் பத்திரிகையைப் புரட்டும் நீங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சில உடல்கள் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கிடந்திருக்கின்றன. அதனால்தான் இந்தப் பழைய படத்தைத் தூசி தட்டி எடுத்தோம்.

படத்தில் ஊரார் கொதித்து எழுந்தது காதலுக்காகக்கூட அல்ல. நோயாளியான ஒருவரை வீட்டுக்குள் படுக்க வைத்ததற்காக! ஆஸ்டன் அந்தக் காட்சியில் கும்பலை அரக்கர்களாகக் காட்டவில்லை. தினமும் கடைக்கு வந்து உப்பும் பருப்பும் வாங்குகிற அதே ஜனங்கள்தான். ஒரு பொல்லாத ஆள் தூண்டிவிடுகிறான், அவ்வளவுதான். அந்தக் காட்சி முடிந்த பிறகும் வெகு நேரம் மனசில் நிற்கிறது.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். முகம் சுளிக்கிற காட்சி ஒன்றும் இல்லை. ஆங்காங்கே கீறல் விழுந்திருக்கும். சத்தம் கரகரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கியா கொடி காட்டும் இடம் வரும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். ரயிலை நிறுத்தினவருக்கு வேலை போச்சே, வீட்டைக் கொளுத்தினவர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி, இந்தி தெரியாதே என்று தயங்கினால், தைரியம் சொல்லி உட்கார வையுங்கள். டைரக்டருக்கே தெரியாது!